மருதானையிலிருந்து நாரஹேன்பிட்டி வரை: போர்க்காலக் கொழும்பைத் தமிழில் காட்டும் ஓர் உலா

கொழும்பில் மரபுரிமை உலாக்களுக்குப் பஞ்சமில்லை. கோட்டையின் பழைய கட்டடங்களையும் புறக்கோட்டைச் சந்தையையும் செட்டியார் தெருக் கோயில்களையும் சுற்றிக் காட்டுபவர்கள் பலர் இருக்கிறார்கள். அவர்களுள் பெரும்பாலானோர் வெளிநாட்டுப் பயணிகளை மனத்தில் வைத்து ஆங்கிலத்திலேயே பேசுகிறார்கள். இந்நகரில் பிறந்து வளர்ந்த தமிழர் ஒருவர் தம் வீதிகளின் வரலாற்றைத் தம் மொழியில் நடந்து கேட்பதற்கான வாய்ப்பு அரிது. ஆகவே, இரண்டாம் உலகப் போர்க்காலத்தில் கொழும்பின் இடதுசாரிகள் தலைமறைவாக எப்படி இயங்கினார்கள், அதே நகரில் பிரித்தானியரின் இரகசியப் பிரிவுகள் எப்படி இயங்கின என்ற இரண்டையும் ஒரே பாதையில் வைத்துத் தமிழில் சொல்லும் அரைநாள் உலா ஒன்று நடைபெறுவதாக அறிந்தபோது, அதில் கலந்துகொள்வதோடு நில்லாமல் அதன் நிறைகுறைகளை விரிவாக எழுதுவதும் கடமை என்று தோன்றியது.

வரலாறு படித்த இளைஞர் சிலர் சேர்ந்து இதனை நடத்துகிறார்கள். அலுவலகமோ பெயர்ப்பலகையோ அவர்களுக்கு இல்லை. தெரிந்தவர் வழியாகவே ஆள் சேர்கிறது. சனிக்கிழமை காலை ஏழு மணிக்கு மருதானை ரயில் நிலைய வாசலில் கூடுகிறோம். ஒரு தடவைக்குப் பன்னிரண்டு பேருக்கு மேல் சேர்ப்பதில்லை. ஒருவருக்கு 3500 ரூபா. அதற்குள் சிறிய வான் ஒன்றின் வாடகையும் குடிநீரும் ஒரு மாலுப்பாணும் பிளேன்ரீயும் அடங்கும். தூரமான இடங்களுக்கு வானில் சென்று, இறங்கிய இடத்தில் நடப்பது ஏற்பாடு. வழிகாட்டியாக வந்தவர் மலையகக் குடும்பத்தைச் சேர்ந்த ஓர் இளம்பெண். குரலை உயர்த்தாமலே எல்லோருக்கும் கேட்கும்படி பேசினார். தேசிய அடையாள அட்டையைக் கட்டாயம் கொண்டுவரும்படியும், நீதிமன்றம், சிறைச்சாலை ஆகியவற்றின் அருகே படம் எடுக்க வேண்டாமென்றும் முதல் நாளே தொலைபேசியில் சொல்லியிருந்தார். கொழும்பில் தமிழர் கூட்டமாக ஒரு மதிலோரம் நின்றால் எழக்கூடிய கேள்விகளை அறிந்தவரின் முன்யோசனை அது.

உலா மருதானையில் தொடங்குவதற்குக் காரணம் உண்டு. 1935 டிசம்பர் 18 அன்று, இடதுசாரிக் கட்சியான லங்கா சமசமாஜக் கட்சி தொடங்கப்பட்டது இப்பகுதியிலிருந்த லோரன்ஸ் கல்லூரியில்தான். இலண்டனிலும் அமெரிக்காவிலும் படித்துத் திரும்பிய பிலிப் குணவர்த்தன, என்.எம். பெரேரா, கொல்வின் ஆர். டி சில்வா, லெஸ்லி குணவர்த்தன, எஸ்.ஏ. விக்கிரமசிங்க ஆகியோர் சேர்ந்து, பிரித்தானியரின் பொப்பி மலர் விற்பனைக்கு எதிராகச் சூரியப் பூ விற்ற சூரியமல் இயக்கத்திலும் மலேரியா நிவாரணத்திலும் பெற்ற அனுபவத்தைக் கட்சியாக உருமாற்றினார்கள். அடுத்த ஆண்டே பிலிப் அவிசாவளையிலிருந்தும் என்.எம். ருவன்வெல்லையிலிருந்தும் அன்றைய சட்டமன்றமான அரசாங்க சபைக்குத் தெரிவானார்கள். வழிகாட்டி இதனைச் சுருக்கமாகச் சொல்லி முடித்து, மருதானையில் ஏன் என்ற கேள்வியில் கூடுதல் நேரம் நின்றார். ரயில்வே தொழிலாளர்கள், டிராம் ஊழியர்கள், அச்சகத் தொழிலாளர்கள், துறைமுகத்துக்குப் போய்வருவோர் என்று உழைக்கும் மக்கள் நெருங்கி வாழ்ந்த பகுதி இது. துண்டுப்பிரசுரம் ஒன்று காலையில் இங்கே கைமாறினால் மாலைக்குள் அது நகர் முழுவதும் சென்றுவிடும். இடத்துக்கும் அரசியலுக்கும் உள்ள தொடர்பை இவ்வளவு தெளிவாக எடுத்துச்சொன்ன உலாவைக் கொழும்பில் நான் வேறு கண்டதில்லை.

அங்கிருந்து சிறிது தூரத்தில், ஒழுங்கை ஒன்றுக்குள் இருக்கும் பழைய அச்சகத்துக்கு அழைத்துச் செல்கிறார்கள். இந்த உலாவின் மிகச் சிறந்த பகுதி இதுவே என்று தயக்கமின்றிச் சொல்வேன். ஈய எழுத்துகளால் அச்சடித்த காலம் போய்விட்டாலும், அந்த எழுத்துகள் நிறைந்த மரத் தட்டுகளையும் மிதித்து இயக்கும் சிறிய இயந்திரத்தையும் அங்குள்ள முதிய அச்சுக்கோப்பாளர் பத்திரமாக வைத்திருக்கிறார். வழிகாட்டி, "ஐயா, பொலிஸ் வந்தால் என்ன செய்வார்கள் என்று இவர்களுக்கு ஒருக்காக் காட்டுங்கோ" என்று கேட்க, அவர் நான்கு வரித் தமிழ் வாசகம் ஒன்றைக் கோத்து, நூலால் கட்டி, மை தடவி ஒரு தாளில் எடுத்துத் தந்தார். பின்னர் நூலை அவிழ்த்துக் கையால் ஒரே தட்டுத் தட்டினார். வாசகம் மறைந்து வெறும் எழுத்துக் குவியல் மட்டும் மிஞ்சியது. "இதுக்குப் பிறகு ஆராலையும் ஒண்டும் வாசிக்க ஏலாது, பிள்ளை" என்றார். அவருடைய பெருவிரல் நுனியில் பல்லாண்டு ஈயமும் மையும் ஏறிய கறுப்பு அப்படியே இருந்தது. தலைமறைவு அரசியல் என்பது முதலில் ஒரு தொழில்நுட்பம் என்பதையும், அதைத் தாங்கியவர்கள் பெயர் தெரியாத தொழிலாளர்கள் என்பதையும் அந்த ஒரு கைத்தட்டல் விளங்கவைத்தது. 1940இல் கட்சியின் அச்சகம் சோதனையிடப்பட்டு முத்திரையிடப்பட்ட செய்தியை இந்த அறைக்குள் நின்று கேட்கும்போது அதன் கனம் வேறாகவே இருக்கிறது.

அடுத்ததாகப் புதுக்கடை நீதிமன்ற வளாகமும் காலிமுகத்திடலும். இரண்டையும் இணைப்பது பிரேஸ்கேர்டல் விவகாரம். அவுஸ்திரேலியாவிலிருந்து 1936இல் வந்து, மடுல்கலையிலுள்ள தேயிலைத் தோட்டத்தில் சின்னத்துரையாகத் தொழில் பயிலச் சேர்ந்த மார்க் அந்தனி பிரேஸ்கேர்டல், தொழிலாளரின் நிலையைக் கண்டு துரைமாரோடு முரண்பட்டுச் சமசமாஜக் கட்சியில் சேர்ந்தார். 1937 ஏப்ரல் 3 அன்று நாவலப்பிட்டியில் தோட்டத் தொழிலாளர் நிறைந்த கூட்டத்தில், இந்தியாவிலிருந்து வந்திருந்த கமலாதேவி சட்டோபாத்யாய பேசிய அதே மேடையில் அவரும் பேசினார். வெள்ளையர் ஒருவர் தொழிலாளர் பக்கம் நின்று துரைமாரைச் சாடியது தோட்ட முதலாளிமாருக்குப் பொறுக்கவில்லை. தேசாதிபதி சேர் ரெஜினால்ட் ஸ்டப்ஸ் நாடு கடத்தும் கட்டளையில் ஒப்பமிட்டார். பிரேஸ்கேர்டல் கப்பலேற மறுத்துத் தலைமறைவானார். பொலிஸார் தேடிக்கொண்டிருக்க, மே 5 அன்று காலிமுகத்திடலில் திரண்ட பெருங்கூட்டத்தின் முன் மேடையேறிப் பேசினார்.

இந்தக் கதையை வழிகாட்டி சொல்லும் முறையில் ஒரு சிறப்பு இருக்கிறது. காலிமுகத்திடல் கூட்டத்தின் பரபரப்போடு நிறுத்தாமல், அந்தக் கட்டளை எந்தச் சட்டத்தின் கீழ் பிறப்பிக்கப்பட்டது என்பதை அவர் விளக்கினார். 1896ஆம் ஆண்டு அரச கட்டளை ஒன்று போர் போன்ற அவசர நிலைகளுக்காகத் தேசாதிபதிக்குக் கொடுத்த அதிகாரத்தை, அமைதிக் காலத்தில் ஓர் அரசியல் பேச்சாளருக்கு எதிராகப் பயன்படுத்தியிருந்தார்கள். பிரதம நீதியரசர் சேர் சிட்னி ஏப்ரஹாம்ஸ் தலைமையிலான உயர்நீதிமன்றம், எச்.வி. பெரேரா முன்வைத்த வாதங்களைக் கேட்டபின், மே 18 அன்று அவரை விடுவித்தது. போருக்கென்று உண்டான அதிகாரம் போர் இல்லாதபோதும் எடுத்தாளப்படும் என்பதை இந்நாட்டுத் தமிழருக்கு விளக்கிச் சொல்ல வேண்டியதில்லை. கைதானவர்களைப் பொலிஸார் விசாரிக்கும் இடமான நாலாம் மாடி என்ற சொல்லைக் கேட்டே வளர்ந்த தலைமுறைகள் எங்களுடையவை. எனினும் அதன் வேர் 1937இலும் அதற்கு முன்பும் இருந்தது என்பதைப் புதுக்கடையின் வாசலில் நின்று கேட்டபோது, எங்களோடு வந்த கல்லூரி மாணவர் இருவர் குறிப்பேட்டை எடுத்து எழுதத் தொடங்கினார்கள்.

குறையொன்றும் இங்கேதான் தொடங்குகிறது. பிரேஸ்கேர்டலுக்கு ஏறத்தாழ முக்கால் மணி நேரம் ஒதுக்கிய உலா, முல்லோயாவுக்கு ஐந்து நிமிடம்கூடக் கொடுக்கவில்லை. 1940 ஜனவரியில் முல்லோயாத் தோட்ட வேலைநிறுத்தத்தின்போது பொலிஸாரின் துப்பாக்கிச் சூட்டில் கோவிந்தன் என்ற தொழிலாளர் உயிரிழந்தார். விசாரணையில் அவருடைய மனைவியின் சார்பில் கொல்வின் ஆர். டி சில்வா தோன்றினார். போராட்டம் அங்கிருந்து ஊவாத் தோட்டங்களுக்குப் பரவி, வேவெஸ்ஸத் தோட்டத்தில் தொழிலாளர்கள் தங்களுக்கெனச் சபை அமைத்து நிர்வாகத்தை எதிர்க்கும் அளவுக்கு வளர்ந்தது. அதே ஆண்டு ஜூன் மாதத்தில் பிலிப், என்.எம்., கொல்வின், எட்மண்ட் சமரக்கொடி ஆகிய நால்வரும் சிறை வைக்கப்பட்டதற்கு, போரை எதிர்த்த அவர்களின் கொள்கை எவ்வளவு காரணமோ அவ்வளவுக்கு மலையகத்தில் மூண்ட இந்த வேலைநிறுத்தங்களும் காரணம். போர்க்காலத்தில் தேயிலையும் றப்பரும் பிரித்தானியருக்கு எவ்வளவு இன்றியமையாதவை என்பதை நினைத்துப் பார்த்தால் தொடர்பு தானாகப் புலப்படும். துரை ஒருவரின் சாகசத்துக்கு நீண்ட நேரமும், சுடப்பட்டு இறந்த தமிழ்த் தொழிலாளிக்கு ஒரு வாக்கியமும் என்ற இந்த அளவு, தமிழில் நடத்தப்படும் உலாவுக்குத் தகாது. முல்லோயா கொழும்பில் இல்லை என்பது சமாதானமாகாது. மடுல்கலையும் கொழும்பில் இல்லை.

அவ்வாறே, தோட்டத் தொழிலாளரிடையே அதற்கு முன்பே உழைத்து, காலனித்துவப் பொலிஸாரின் ஓயாத கண்காணிப்புக்கு உள்ளான கோ. நடேசய்யரும், பாட்டெழுதிப் பாடி மக்களைத் திரட்டிய மீனாட்சி அம்மையும் உலாவில் இடம்பெறவில்லை. நடேசய்யர் சமசமாஜிகளோடு ஒத்துப்போனவர் அல்லர் என்பது உண்மையே. ஆனால் உளவுப் பிரிவின் கோப்புகளில் இடதுசாரிகளுக்கு முன்னர் இடம்பிடித்தவர் அவர் என்பதால், அவரின்றி இந்த வரலாறு நடுவிலிருந்து தொடங்குவதாக ஆகிவிடுகிறது.

காலிமுகத்திடலிலிருந்து வான் கறுவாத்தோட்டப் பக்கம் திரும்புகிறது. இங்கிருந்து உலாவின் இரண்டாம் இழை வருகிறது. சிங்கப்பூரில் இயங்கிய பிரித்தானியக் கடற்படையின் தூரகிழக்கு இரகசியக் குறியீட்டுப் பிரிவு, ஜப்பானியப் படைகள் நெருங்கியதும் 1942 ஜனவரியில் கொழும்புக்கு இடம்மாறியது. பெம்புரோக் என்ற பெயரில் நடந்த இந்தியப் பாடசாலை ஒன்றின் கட்டடத்தை எடுத்துக்கொண்டு, ஜப்பானியக் கடற்படையின் வானொலிச் செய்திகளைப் பிடிக்கவும் அவற்றின் குறியீட்டை உடைக்கவும் அங்கே வேலை நடந்தது. ஏப்ரல் தொடக்கத்தில் இலங்கை மீது தாக்குதல் வரும் என்று முன்கூட்டியே கணித்தவர்கள் இவர்களே. குறித்த நாளில் வராமல் சில நாள் பிந்தி, ஏப்ரல் 5, உயிர்த்த ஞாயிறு காலையில், அட்மிரல் நகுமோவின் விமானந்தாங்கிக் கப்பல்களிலிருந்து விமானங்கள் கொழும்பு மீது வந்தன. முதல் நாள் மாலை, கனேடிய விமானி லெனார்ட் பேர்ச்சோல் தம் கட்டலினா விமானத்திலிருந்து கப்பற்படையைக் கண்டு செய்தி அனுப்பியிருந்தார். துறைமுகமும் இரத்மலானையும் தாக்கப்பட்டன. அங்கொடை மனநோய் மருத்துவமனையிலும் குண்டு விழுந்தது. கடலில் டோர்செட்ஷயர், கோர்ன்வோல் ஆகிய இரு போர்க்கப்பல்கள் மூழ்கின.

ரேஸ்கோர்ஸ் மைதானத்தில் நின்று இதைக் கேட்பது நல்ல ஏற்பாடு. இன்று கடைத்தொகுதியும் றக்பி மைதானமுமாக இருக்கும் அந்தக் குதிரைப் பந்தயத் திடல் அப்போது விமான ஓடுபாதையாக மாற்றப்பட்டிருந்தது. ஜப்பானியர் அதை அறிந்திருக்கவில்லை. 258ஆம் அணியின் ஹரிக்கேன் விமானங்கள் இங்கிருந்தே எழும்பின. எழும்பிய பதினான்கில் ஒன்பது வீழ்த்தப்பட்டன. வழிகாட்டி ஓடுபாதை போன திசையைக் கையால் காட்டி, பார்வையாளர் மாடத்தின் முன் எங்களை நிறுத்தி, தூரத்தை நடந்து பார்க்கச் சொன்னார். அந்த நடை முடியும்போது, ஒரு நகரத்தின் நடுவே இரகசியத்தை ஒளித்து வைப்பது எப்படிச் சாத்தியமாயிற்று என்பது விளங்கிவிடுகிறது.

இதனைத் தொட்டாற்போல இருக்கும் வீதிக்கு இன்று பிலிப் குணவர்த்தன மாவத்தை என்று பெயர். தேசிய சுவடிகள் கூடம் அதே வீதியில் இருக்கிறது. 1942இல் பிரித்தானிய விமானங்கள் எழும்பிய இடத்தின் அருகே செல்லும் வீதி, அந்த நேரத்தில் அவர்களால் சிறையில் அடைக்கப்பட்டிருந்த மனிதரின் பெயரைத் தாங்கி நிற்கிறது. ஒருகாலத்தில் கொட்டா வீதியாக இருந்தது டொக்டர் என்.எம். பெரேரா மாவத்தையாகவும், யூனியன் பிளேஸ் டொக்டர் கொல்வின் ஆர். டி சில்வா மாவத்தையாகவும் ஆகியுள்ளன. மூவரின் பெயர்ப்பலகைகளையும் ஒரே காலையில் கடந்து செல்லும்படி பாதையை அமைத்தவர்களின் உழைப்பைப் பாராட்ட வேண்டும்.

வானுக்குள் இருந்தபடி போகம்பறைச் சிறையுடைப்பைச் சொன்னார்கள். கண்டியிலுள்ள அச்சிறையிலிருந்து, கொழும்பு தாக்கப்பட்ட அதே வாரத்தில், 1940இல் சிறை வைக்கப்பட்ட பிலிப் முதலான நால்வரும் வெளியேறினார்கள். கதவைத் திறந்துவிட்டவர் சொலமன் என்ற சிறைக்காவலர். அவரும் அவர்களோடு புறப்பட்டார். வெளியே இருந்த தோழர்கள் ஏற்கெனவே ஆயத்தமாக இருந்தார்கள். கைதிலிருந்து தப்பித் தலைமறைவாகவே கட்சியை நடத்திக்கொண்டிருந்த லெஸ்லி குணவர்த்தன உட்படப் பலர் பின்னர் கடல்கடந்து இந்தியா சென்று, அங்கே அவ்வாண்டு உருவான இந்திய போல்ஷவிக் லெனினிசக் கட்சியில் இணைந்து, ஓகஸ்டில் வெடித்த வெள்ளையனே வெளியேறு போராட்டத்தில் பங்குகொண்டார்கள். பிலிப்பும் என்.எம்.மும் 1943இல் பம்பாயில் பிடிபட்டு இலங்கைக்குக் கொண்டுவரப்பட்டார்கள்.

சொலமனைப் பற்றி வழிகாட்டி சொன்ன இடம் என்னைத் தொட்டது. கட்சித் தலைவர்களின் படிப்பையும் பட்டங்களையும் எல்லோரும் அறிவர். மாதச் சம்பளத்துக்கு வேலை பார்த்த ஒரு காவலர், பிடிபட்டால் என்ன நேரும் என்று தெரிந்தும், திறப்பைத் திருப்பினார். இந்தப் பகுதியை விரிவாகச் சொல்லியமை உலாவின் நடுநிலைக்கும் நல்ல மனத்துக்கும் சான்று.

ஆனால் அதே பகுதியில் ஒரு தவறான சாயலும் கலந்துவிட்டது. ஜப்பானியரின் தாக்குதலையும் சிறையுடைப்பையும் அடுத்தடுத்துச் சொல்லி, இடையில் நீண்ட மௌனம் விட்டு, கேட்பவர் தாமாகவே ஒரு தொடர்பைக் கற்பித்துக்கொள்ளும்படி விட்டார்கள். என் அருகிலிருந்தவர் உடனே, "அப்ப இவையளுக்கும் ஜப்பான்காரருக்கும் தொடர்பு இருந்ததோ?" என்று கேட்டார். வழிகாட்டி சிரித்துவிட்டு அடுத்த இடத்துக்குப் போய்விட்டார். அந்தக் கேள்விக்குத் தெளிவான பதில் உண்டு, அதைச் சொல்லியிருக்க வேண்டும். சமசமாஜிகளின் நிலைப்பாட்டில் பிரித்தானியாவும் ஜப்பானும் ஒன்றையொன்று விழுங்கப் பார்த்த இரு ஏகாதிபத்தியங்கள். குண்டுவீச்சு உண்டாக்கிய குழப்பம் அவர்களுக்கு வாய்ப்பானது. அதற்காக அவர்கள் ஜப்பானின் ஆட்கள் ஆகிவிட மாட்டார்கள். போர்க்காலத்தில் அரசை எதிர்த்தவர் எல்லோரையும் எதிரியின் கையாள் என்று முத்திரை குத்துவது எவ்வளவு எளிது, அந்த முத்திரை எத்தனை குடும்பங்களை அழித்தது என்பதைப் பட்டு அறிந்த சமூகத்தின் முன் பேசும்போது, இத்தகைய மர்மச் சுவைக்கு இடம் கொடுப்பது பெரும் பிழை.

என்.எம். பெரேரா மாவத்தையில் இறங்கி நின்ற பத்து நிமிடத்தில் இடதுசாரிப் பிளவை விளக்கிய விதம், மாறாக, மிக நேர்த்தியானது. மொஸ்கோவின் தலைமையில் இயங்கிய உலகக் கம்யூனிஸ்ட் அமைப்பான மூன்றாம் அகிலத்தைக் கண்டித்து 1939 டிசம்பரில் கட்சியின் செயற்குழு தீர்மானம் நிறைவேற்றியது. மொஸ்கோவை ஆதரித்த விக்கிரமசிங்க, பீட்டர் கெனமன், எம்.ஜி. மெண்டிஸ், யாழ்ப்பாணத்தைச் சேர்ந்த அ. வைத்தியலிங்கம் ஆகியோர் 1940இல் வெளியேற்றப்பட்டு ஐக்கிய சோசலிசக் கட்சியை அமைத்தார்கள். 1941 ஜூனில் ஜெர்மனி சோவியத் ஒன்றியத்தைத் தாக்கியதும், நேற்றுவரை ஏகாதிபத்தியப் போர் என்று எதிர்த்தது அவர்களுக்கு மக்கள் போர் ஆயிற்று. 1943 ஜூலை 3 அன்று இலங்கைக் கம்யூனிஸ்ட் கட்சி பகிரங்கமாகத் தொடங்கப்பட்டது. ஒரே வேரிலிருந்து வந்தவர்களில் ஒரு பகுதியினர் தலைமறைவிலும் சிறையிலும் இருக்க, மற்றப் பகுதியினர் வெளிப்படையாகத் தொழிற்சங்கம் கட்டினார்கள். எந்தப் பக்கத்தையும் இகழாமல், ஒவ்வொருவரும் எந்த ஆபத்தை முதன்மையாகக் கண்டார்கள் என்று பிரித்துச் சொன்னார் வழிகாட்டி. எங்களோடு வந்த முதியவர் ஒருவர் பழைய கம்யூனிஸ்ட் குடும்பத்தவர், அவரும் தலையாட்டினார்.

பொரளையில் வெலிக்கடைச் சிறையின் எதிர்ப்புற நடைபாதையில் அதிக நேரம் நிற்பதில்லை. 1942 மே 8 இரவு இந்து சமுத்திரத்திலுள்ள கொக்கோஸ் தீவுகளில் கடமையிலிருந்த இலங்கைப் பீரங்கிப் படையினர் சிலர் கிரேஷன் பெர்னாண்டோ தலைமையில் கிளர்ந்தெழுந்தார்கள். முயற்சி தோற்றது. அவரும் வேறு இருவரும் அவ்வாண்டு ஓகஸ்டில் இங்கே தூக்கிலிடப்பட்டார்கள். அந்தப் போரில் பொதுநலவாயப் படையினருள் கலகக் குற்றத்துக்காக மரண தண்டனை நிறைவேற்றப்பட்டவர்கள் இவர்கள் மூவருமே. அவர்களிடையே ஏகாதிபத்திய எதிர்ப்பு உணர்வு பரவியிருந்தது உண்மை; ஆனால் அதைக் கட்சியின் ஏற்பாடு போலச் சொல்லும் தொனி வந்தது, அதற்கான சான்று எதுவும் முன்வைக்கப்படவில்லை. பின்பு வழிகாட்டி, இதே மதிலுக்குள் 1983 ஜூலை 25ஆம், 27ஆம் திகதிகளில் 53 தமிழ்க் கைதிகள் கொல்லப்பட்டதை ஒரே வாக்கியத்தில் சொல்லி, சற்று நின்று, எங்களை வானுக்கு அழைத்துச் சென்றார். அதற்கு மேல் விளக்கம் எதுவும் சேர்க்காதது சரியான முடிவு.

கடைசி நிறுத்தம் நாரஹேன்பிட்டி. தொடர்மாடிகள் நிறைந்த இந்தப் பகுதியில் முன்பு அண்டர்சன் கோல்ஃப் திடல் இருந்தது. உயிர்த்த ஞாயிறு தாக்குதலுக்குப்பின் கென்யாவின் மொம்பாசாவுக்கு அருகே அனுப்பப்பட்ட குறியீட்டுப் பிரிவு, அங்கேயும் ஓர் இந்தியப் பாடசாலைக் கட்டடத்திலேயே குடியிருந்துவிட்டு, 1943 செப்டெம்பரில் கொழும்பு திரும்பி இந்தத் திடலில் நிலைகொண்டது. கடற்படை வழக்கப்படி அதற்குக் கப்பலின் பெயர்போல எச்.எம்.எஸ். அண்டர்சன் என்று பெயர். தலையில் கேள்கருவி மாட்டிக்கொண்டு இரவு பகலாக மோர்ஸ் ஒலியைத் தாளில் எழுதியவர்களில் பெண்கள் பெருந்தொகையினர். இன்று பார்ப்பதற்கு அங்கே எதுவும் எஞ்சவில்லை. தொடர்மாடியின் பெயரில் மட்டும் அண்டர்சன் இருக்கிறார். எஞ்சாத இடத்தைக் காட்டுவது கடினமான கலை. வழிகாட்டி பழைய நிலப்படத்தின் பிரதியை இன்றைய வரைபடத்தின் மேல் ஒளிபுகும் தாளில் வைத்துக் காட்டினார். தாள் கசங்கிப்போயிருந்தது, எழுத்து மிகச் சிறியது. பன்னிரண்டு பேர் அதை ஒரே நேரத்தில் பார்க்க முடியவில்லை. ஆளுக்கொரு பிரதி கொடுப்பதற்குப் பெரிய செலவு ஆகாது.

இங்கே மரநிழலில் பிளேன்ரீ குடித்தபடி கேட்ட மலாயாக் கதைதான் முழுக் காலையிலும் கனமானது. இலங்கையில் இடதுசாரிகளைச் சிறையில் அடைத்த அதே பிரித்தானியப் பேரரசு, இதே இலங்கையைத் தளமாகக் கொண்டு மலாயாக் கம்யூனிஸ்டுகளோடு கூட்டுச் சேர்ந்தது. ஃபோர்ஸ் 136 என்ற இரகசியப் பிரிவைச் சேர்ந்த, முன்னாள் மலாயாப் பொலிஸ் அதிகாரியான ஜோன் டேவிஸ், சீன முகவர்கள் ஐவரோடு 1943 மே மாதத்தில் இங்கிருந்து ஒல்லாந்து நீர்மூழ்கி ஒன்றில் சென்று பேராக் கரையில் இறங்கினார். மலாயாக் கம்யூனிஸ்ட் கட்சியின் இளம் தலைவர் சின் பெங் அவரோடு தொடர்பு ஏற்படுத்தினார். அவ்வாண்டு டிசம்பர் இறுதியில் காட்டு முகாம் ஒன்றில் இரு தரப்பும் உடன்பாடு செய்துகொண்டன: பிரித்தானியர் ஆயுதமும் பணமும் தருவார்கள், கெரில்லாக்கள் ஜப்பானியரை எதிர்த்துப் போரிடுவார்கள். கட்சியின் சார்பில் அந்த உடன்பாட்டுக்கு வந்தவர் செயலாளர் நாயகம் லாய் தெக். அவர் போருக்கு முன்பு பிரித்தானிய உளவுத்துறையின் ஆள். போர்க்காலத்தில் ஜப்பானிய இராணுவப் பொலிஸாரின் ஆள். 1942 செப்டெம்பர் 1 அன்று தம் தோழர்கள் கூடிய இடத்தை அவர் காட்டிக்கொடுத்ததால், கட்சியின் முன்னணித் தலைவர்கள் சுற்றிவளைக்கப்பட்டுக் கொல்லப்பட்டார்கள். அந்த இடம், தைப்பூசக் காவடிகளால் தமிழர் உலகமே அறிந்த பத்துமலை.

பத்துமலை என்ற பெயரைக் கேட்டதும் எங்களிடையே எழுந்த சலசலப்பை வழிகாட்டி நன்றாகப் பயன்படுத்தினார். சின் பெங்குக்குப் போரின் முடிவில் பிரித்தானியப் பதக்கங்கள் கிடைத்ததையும், 1948இல் மலாயாவில் அவசரகாலம் பிரகடனமானபின் அவரே அதிகம் தேடப்படும் எதிரியானதையும் சொல்லி, நேச அணி என்பது எவ்வளவு காலத்துக்கு என்பதைக் கேட்பவரே கணக்கிடும்படி விட்டார். கண்டியில் இயங்கிய அமெரிக்க உளவு அமைப்பான ஓ.எஸ்.எஸ். பற்றியும் சில நிமிடம் பேசினார். அங்கே எதிரியின் மனவுறுதியைக் குலைக்கும் பிரசாரப் பிரிவில் வேலை செய்த ஜேன் பொஸ்டர், கம்யூனிஸ்ட் கட்சியின் உறுப்பினராக இருந்தவர். 1957இல் அமெரிக்க அரசு அவர்மீது சோவியத்துக்காக உளவு பார்த்ததாகக் குற்றம் சாட்டியது. போர்க்காலத்தில் அவருடைய அரசியல் ஒரு தடையாக இருக்கவில்லை. போர் முடிந்தபின் அதுவே குற்றமாயிற்று.

இந்த உலாவின் பெறுமதி எங்கே இருக்கிறது என்பது அச்சகத்திலும், சொலமனைப் பற்றிய பேச்சிலும், மலாயாக் கதையிலும் தெரிகிறது. இரகசிய வேலையை உழைப்பாகவும், அதில் அகப்பட்ட மனிதரின் பொறுப்பாகவும் சொல்லும்போது இவர்கள் மிகவும் நன்றாகச் சொல்கிறார்கள். துப்பறியும் கதையின் மர்மத்தைக் கடன்வாங்கும்போது தடுமாறுகிறார்கள். அத்தகைய இடங்கள் இரண்டு மூன்றுதான்; திருத்துவது கடினமன்று.

திருத்தும்போது சேர்க்க வேண்டியவர் ஒருவர் இருக்கிறார். யாழ்ப்பாணத்தைச் சேர்ந்த எஸ்.சி.சி. அந்தோணிப்பிள்ளை, கட்சியின் தமிழ் ஏடான சமதர்மத்தின் ஆசிரியராக இருந்தவர். பிலிப்பின் சகோதரி கரோலினை மணந்தவர். போர்க்காலத்தில் தமிழ்நாட்டுக்குப் போய்த் தலைமறைவு இயக்கத்தில் ஈடுபட்டு, பின்னர் சென்னைத் தொழிலாளர் சங்கத்தின் தலைவராகி, 1947இல் பக்கிங்ஹாம் கர்நாட்டிக் ஆலைத் தொழிலாளரின் நீண்ட வேலைநிறுத்தத்தை வழிநடத்தியவர். அச்சகத்தில் அந்த முதியவர் கோத்துக் காட்டும் நான்கு வரிகள் இப்போது வெறும் மாதிரி வாசகமாக இருக்கின்றன. அதே இடத்தில் சமதர்மத்தைப் பற்றியும் அதைக் கோத்த கைகளைப் பற்றியும் சொன்னால், தமிழரின் பங்கு இந்த வரலாற்றின் மையத்துக்கு வந்துவிடும்.

கலந்துகொள்ள எண்ணுவோர் கவனிக்க வேண்டியவை சில. ஐந்து மணி நேர ஏற்பாடு என்று சொல்லப்பட்டாலும், முடியும்போது பிற்பகல் ஒரு மணியைத் தாண்டிவிடுகிறது. புதுக்கடையிலும் பொரளையிலும் உட்கார இடமில்லை. முழங்கால் வலி உள்ளவர்கள் மடக்கு நாற்காலி ஒன்றைக் கேட்டு வாங்கலாம், வானில் இரண்டு வைத்திருக்கிறார்கள். கழிப்பறை வசதி ரேஸ்கோர்ஸில் மட்டுமே கிடைக்கிறது, அதை முன்கூட்டியே அறிவிப்பதில்லை. பத்து வயதுக்குட்பட்ட பிள்ளைகளுக்கு அச்சகம் தவிர வேறெதுவும் பிடிக்காது. சிங்களத்தில் மாதந்தோறும் நடைபெறும் இந்த உலா, தமிழில் குறைந்தது எட்டுப் பேர் சேர்ந்தால் மட்டுமே நடத்தப்படுகிறது. ஆகையால் தனியாகப் பதிவுசெய்து காத்திருப்பதைவிட, வெள்ளவத்தையிலோ கொட்டாஞ்சேனையிலோ உள்ள வாசகர் வட்டங்களும் பாடசாலைப் பழைய மாணவர் சங்கங்களும் எட்டுப் பேரைச் சேர்த்துக்கொண்டு நாள் கேட்பதே நல்லது. அப்படிக் கேட்பவர்கள், முல்லோயாவுக்கும் அரைமணி நேரம் ஒதுக்கும்படி பதிவு செய்யும்போதே சொல்லிவிடலாம்.